பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

"பிள்ளைய யாரு பாத்துக்கிடுதாவ?" பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் தென்காசிப் பக்கம் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் தொண்டை அடைக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு 'ஆச்சி' என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். இன்று பல வீடுகளில் ஆச்சிக்கே வேலை இருக்கிறது. மடியில் பீடிச் சுளகு இருக்கிறது. இல்லையென்றால் நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஆச்சி சங்கரன்கோவிலிலும் பேரப்பிள்ளை தென்காசியில் வாடகை வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஊரும் மாறிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தமிழ்நாட்டின் 33ஆவது மாவட்டமாகத் தென்காசி உருவானது. ஆட்சியர் அலுவலகமும் துறை அலுவலகங்களும் வந்தன. அவற்றோடு வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்களும் வந்தன. அதற்கு முன்பே, 2011இல், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து மென்பொருள் வேலையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்திருந்தது. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் செவிலியருக்கு இரவு ஷிப்ட் உண்டு. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை விடியும் முன்பே விழித்துவிடும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். விடுதி அறை பெருக்குவது முதல் பழக்கடை வரை பெண்களுக்கு அப்போதுதான் கைநிறைய வேலை, அதுவும் சனி, ஞாயிறில்தான் அதிகம்.

ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை வகை வேலை நேரம். ஆகவே 'டே கேர் நல்லதா, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா நல்லதா' என்ற கேள்விக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் பதில் கிடையாது. எந்த வயதுப் பிள்ளைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்று பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

ஆறு மாதக் கணக்கு

சட்டம் தரும் விடுப்பிலிருந்தே தொடங்கலாம். பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். அவர் வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டமோ ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்கிறது. நடுவில் உள்ள அந்த ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய் என்ன செய்வார்? தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு கிடைப்பதால் அவர்களுக்கு இந்த இடைவெளி இல்லை. மற்றவர்களுக்கு இருக்கிறது.

இந்த வயதில் பிள்ளைக்குத் தேவை ஒரே மடி. பகல் முழுவதும் அதே முகம், அதே குரல். பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் வேறுபாடு தெரிந்த ஒரு ஆள். இங்கேதான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு இயல்பாகவே ஒரு பலம் இருக்கிறது. பிழிந்து வைத்த தாய்ப்பாலைச் சங்கிலோ பாலாடையிலோ பொறுமையாகப் புகட்ட அவரால் முடியும். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் அது கடினம். பிழிந்த பால் 25 டிகிரி வெப்பம் வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் தென்காசி வீட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒழுங்காக ஓடும் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்பது ஆடம்பரம் ஆகாது. ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை பால் கெடாமல் இருக்கும்.

ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை

எண்களை ஒப்பிட்டால் விஷயம் பிடிபடும். இங்கிலாந்தில் காப்பகங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதே நாட்டில், தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசு ஆய்வு அமைப்பிலோ அதன் அனுமதி பெற்ற முகமையிலோ பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று பேருக்கு மேல் பொதுவாக அவர் பார்க்கக் கூடாது. அதிலும் ஒரு வயதுக்குட்பட்டது ஒன்றுதான். இந்தியாவில் மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைகள் வரை ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். தனியார் டே கேர்களில் இது இடத்துக்கு இடம் மாறுகிறது.

25 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால், மூன்று வயதுக்காரர்கள் ஓரளவு சமாளித்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள், மூச்சா வந்தால் சொல்வார்கள், சண்டை வந்தால் முறையிடுவார்கள். எட்டு மாதப் பிள்ளை எதையும் சொல்லாது. ஆகவே விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் 'ஸ்மார்ட் கிளாஸ்', ஆங்கிலப் பாட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எங்க பிள்ளை இருக்கிற அறையில் மொத்தம் எத்தனை பிள்ளைகள், அவர்களோடு எத்தனை ஆயா?" சேர்க்கையின்போது சொல்லும் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. மதியம் ஒரு மணிக்கு, ஆயாக்கள் முறைவைத்துச் சாப்பிடப் போகும் நேரத்தில் போய்ப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம் 1991இல் தொடங்கி, பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பராமரிப்பின் தரம் நன்றாக இருந்த இடங்களில் பிள்ளைகளின் பேச்சும் அறிவும் சற்றே முன்னேறியிருந்தன. தரம் என்று அவர்கள் பார்த்தது, பெரியவர் பிள்ளையோடு எவ்வளவு பேசுகிறார், அழைத்தால் திரும்பிப் பார்க்கிறாரா, ஒருவர் பொறுப்பில் எத்தனை பேர் என்பவற்றைத்தான். வாரத்துக்கு மிக அதிக மணி நேரம் வெளியில் இருந்த பிள்ளைகளிடம் கொஞ்சம் முரண்டு கூடுதலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும்விடப் பிள்ளையின் வளர்ச்சியை அதிகம் பாதித்தது வீடும் பெற்றோரும்தான். வேலைக்குப் போவதால் பிள்ளையைக் கெடுத்துவிடுகிறோமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார்கள் இந்த முடிவை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சுளகும் கிணறும்

வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்றால் உடனே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எந்த வீடு, அங்கே வேறு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவும் பீடி சுற்றுபவராக இருக்க வாய்ப்பு அதிகம். மாலைக்குள் எண்ணிக்கையை முடித்துப் பீடிக் கடையில் ஒப்படைக்க வேண்டும், கை ஓயாது. சுளகில் இருக்கும் தூள் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. கிடைத்ததை வாயில் போடும் வயது அது. புகையிலையைக் கொஞ்சம் விழுங்கினாலும் நிக்கோட்டின் சின்ன உடம்பில் வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகும். பீடி சுற்றும் பெண்ணின் மேல் இதில் குற்றம் இல்லை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் வந்த சட்டம், பெண்கள் பலர் கூடி வேலை செய்யும் தொழிற்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று எழுதியிருந்தது. தொழில் கூடத்தைவிட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது அந்த அறை கூடவே வரவில்லை.

அடுத்தது தண்ணீர். குளமும் கால்வாயும் தோட்டக் கிணறும் நிறைந்த ஊர் இது. சீசன் காலத்தில் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு வாளித் தண்ணீரே போதும் ஆபத்துக்கு. பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தும், அவர் அடுப்படியில் இருந்த ஐந்து நிமிடத்தில் நடந்துவிடும் விபத்து இது.

இதற்கு வங்கதேசம் கண்ட வழியை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குளங்கள் சூழ்ந்த அந்நாட்டுக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் மூழ்கி இறப்பது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில் என்று கண்டுபிடித்தார்கள். அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரம். அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும், ஊர்ப் பெண் ஒருவரின் வீட்டிலேயே, பயிற்சி கொடுத்து, 'ஆஞ்சல்' என்ற காப்பகங்களை நடத்தினார்கள். மூழ்கி இறக்கும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், நீரில் மூழ்குவதைத் தடுக்கப் பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வங்கதேச அரசு 2022இல் 8,000 காப்பகங்களை இரண்டு லட்சம் பிள்ளைகளுக்காகத் திறக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வீட்டில் நடப்பது, ஆனால் முறையோடு நடப்பது என்ற அந்த ஏற்பாட்டில் இரண்டு வகையின் நன்மையும் சேர்ந்து கிடைக்கிறது.

கட்டடம், கதவு, மருந்து

டே கேர் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் வரைந்திருக்கும் படங்களில் மயங்காமல் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரையும், வெளியேறச் சரியான வழி இல்லாததும் அந்தச் சாவுகளுக்குக் காரணம். அதற்குப் பிறகுதான் பள்ளிக் கட்டட விதிகள் இறுகின. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தமிழ்நாடு அரசு 2015இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. அங்கீகாரம் வாங்காமல் நடத்தக் கூடாது. ஆகவே அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி கேட்பது பெற்றோரின் உரிமை. தரைத்தளமா, மாடியா? மாடி என்றால் படிக்கு எத்தனை வழி? வாசல் கேட் பிள்ளை தானே திறக்க முடியாதபடி இருக்கிறதா? யார் வந்தாலும் பிள்ளையை அனுப்பிவிடுவார்களா, பெயர் எழுதிக் கொடுத்தவரிடம் மட்டும்தானா?

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு இங்கே தனி உரிமச் சட்டம் எதுவும் கிடையாது. அங்கே ஆய்வாளர் வேலையைப் பெற்றோரே செய்தாக வேண்டும். பகலில் அந்த வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், யார் வந்து போவார்கள் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நல்லவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதற்குச் சம்மதிக்காத இடம், டே கேராக இருந்தாலும் வீடாக இருந்தாலும், பிள்ளையை விடத் தகுந்த இடம் இல்லை. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் அதைப் புகார் செய்வது தெரிந்தவர் எல்லாருக்கும் கடமை என்று 2012இன் போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தையும், இருமல் சிரப் உட்பட, கொடுக்கக் கூடாது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 'கொஞ்சம் கொடுத்தா நல்லாத் தூங்கும்' என்று பாசத்தோடு கொடுக்கும் கை பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கையைத் தடுக்க முன்கூட்டியே பேசிவைப்பதுதான் வழி. வேர்க்கடலை, பொரிகடலை, திராட்சை போன்றவற்றை முழுசாகக் கொடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். நான்கு வயது வரை அவை தொண்டையில் சிக்கும்.

சாரல் காலத்துச் சளி

டே கேரில் சேர்த்த முதல் ஆண்டு பிள்ளைக்கு ஓயாமல் சளி பிடிக்கும் என்பது எல்லாப் பெற்றோரும் சொல்வது. உண்மைதான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து 13 வயது வரை கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பெரிய டே கேர்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகம் வந்தது. அதே பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 11 வயது வரை மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. 13 வயதில் வேறுபாடு மறைந்துபோனது. ஆக, பள்ளிக்கூடத்தில் பிடிக்க வேண்டிய சளி கொஞ்சம் முன்னதாகப் பிடிக்கிறது.

ஆனால் தாய்க்கு அந்த முதல் ஆண்டுதான் கஷ்டம். காய்ச்சல் அடித்தால் டே கேர் பிள்ளையைச் சேர்க்காது. அது சரியான விதியும்கூட. அன்றைக்கு அம்மாவோ அப்பாவோ விடுப்பு எடுக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் வேறு வகைச் சிக்கல்: அவருக்கே காய்ச்சல் வந்தால், அவர் வீட்டில் ஒரு சடங்கோ துக்கமோ வந்தால், அன்றைக்கும் விடுப்புதான். ஆக எந்த ஏற்பாட்டுக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். எந்த இடமானாலும், சாரல் பெய்யும் ஆடி மாதத்தில் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: துணியும் பாயும் காய என்ன வழி? வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத நாட்களில் ஈரப் பாயில் படுக்கும் பிள்ளைக்குச் சளி விடாது. ஆளுக்கொரு விரிப்பு, ஆளுக்கொரு துண்டு, ஆயா கை கழுவச் சோப்பு. இவ்வளவு இருந்தாலே பாதி நோயைத் தடுத்துவிடலாம்.

தெருவிலேயே இருக்கும் பால்வாடி

மூன்றாவது வழி ஒன்று தெருவிலேயே இருக்கிறது. பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை வகித்தார். 1972இல் அந்தக் குழு தந்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு வழிவகுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு இந்தச் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் 54,000க்கும் மேல். அரசு அங்கன்வாடி என்று எழுதினாலும் ஊர் பால்வாடி என்றுதான் கூப்பிடுகிறது. வாரம் மூன்று முட்டை, சாதம், சுண்டல், பாட்டு, டீச்சர், ஆயா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். கட்டணம் இல்லை. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இதைவிட இயல்பான இடம் அமைவது கடினம்.

குறை நேரத்தில் இருக்கிறது. பால்வாடி பிற்பகலோடு முடிந்துவிடும். அலுவலகமும் தறியும் அப்போது முடியாது. மே மாதத்தில் கோடை விடுமுறை விடுகிறார்கள். பெற்றோருக்கு விடுமுறை இல்லை. கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்குத் தருகிறார்களே தவிர, பகலில் வைத்துப் பார்த்துக்கொள்வதில்லை. அதனால் நடைமுறையில் பலர் செய்வது ஒட்டுப் போட்ட ஏற்பாடு: காலையில் பால்வாடி, மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு அக்கா. இதை வேறு வழியில்லாமல் செய்யும் சமாளிப்பு என்று யாரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கூட்டமும் கிடைக்கிறது, மடியும் கிடைக்கிறது.

வேலை பார்க்கும் இடத்துக்கும் பொறுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம் கட்டாயமாக்கியது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரவும் அது உரிமை தந்தது. இந்த 50 என்ற கணக்கில் ஆண், பெண் இருபாலரும் சேர்த்தி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பக அறை வேண்டும் என்றது. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. தங்களுக்கு இப்படியோர் உரிமை இருப்பது தெரியாமலேயே மரத்தடியில் தொட்டில் கட்டிய தாய்மார்கள் எத்தனையோ பேர்.

பார்த்துக்கொள்பவரின் சம்பளம்

டே கேர் கட்டணத்தையும் அக்காவுக்குக் கொடுக்கும் தொகையையும் மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறும். ஆட்டோச் செலவு, பிள்ளையை எடுக்க நேரமானால் கூடுதல் கட்டணம், மாற்று ஆள் இல்லாமல் இழக்கும் சம்பள நாட்கள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அப்பாவின் சம்பளத்திலிருந்தும் இது போக வேண்டிய செலவு. 'உன் சம்பளம் பூராவும் டே கேருக்கே போயிரும், பேசாம வீட்டுல இரி' என்று மருமகளிடம் மட்டும் சொல்வது கணக்காகாது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென்று ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. வீட்டில் உள்ளோரைப் பராமரிப்பதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் பக்கமும் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இன்னொருவர் பிள்ளைக்குக் கால் கழுவி, ஊட்டி, உறங்கவைக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, தீபாவளிக்குப் போனஸ் எல்லாம் உரியவை. 'சொந்தக்காரி மாதிரிதானே' என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்தால் அவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போவார். ஆள் மாறினால் முதலில் ஏங்கிப்போவது பிள்ளை. நேரம், சம்பளம், விடுப்பு, உணவு, மருந்து, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது இருவருக்குமே மரியாதை. டே கேரிலும் ஆயாக்கள் எத்தனை ஆண்டாக வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் சம்பளமோ வேலைச் சுமையோ சரியில்லை என்று பொருள்.

டென்மார்க்கில் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு உள்ளாட்சியே சம்பளம் கொடுக்கிறது. தங்கள் வீட்டில் நான்கைந்து பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்கிறார்கள், அதிகாரிகள் வந்து பார்வையிடுகிறார்கள். அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் 'சேவா' அமைப்பைச் சேர்ந்தவர்கள் 'சங்கினி' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் காப்பகம் நடத்துகிறார்கள். அங்கே பிள்ளைகளை விடுகிறவர்களில் பீடி சுற்றும் தாய்மார்களும் உண்டு. கர்நாடக அரசு 2023இல் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனே' என்ற பெயரில் காப்பகம் திறக்கும் திட்டத்தை அறிவித்தது.

எப்படி முடிவெடுப்பது

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தென்காசி வட்டாரத்துக் குடும்பம் ஒன்று இப்படி யோசிக்கலாம். இரண்டு வயது வரை, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் பார்க்காத, பகலில் வேறு கைவேலை இல்லாத, நம்பிக்கையான ஒருவரின் வீடே முதல் தேர்வு. அப்படி ஒருவர் அமையவில்லை என்றால், கைக்குழந்தைகளுக்குத் தனி அறையும் தனி ஆயாவும் வைத்திருக்கும் டே கேர். இரண்டு, இரண்டரை வயதுக்கு மேல் பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டும். பேச்சும் விளையாட்டும் அங்கேதான் வளரும். அப்போது பால்வாடியோ நல்ல டே கேரோ முந்துகிறது. இரவு ஷிப்ட் செவிலியருக்கும் சீசன் வேலைக்காரருக்கும் எந்த வயதிலும் வீட்டு ஏற்பாடுதான் கைகொடுக்கும். அவர்கள் நேரத்துக்குத் திறந்திருக்கும் மையம் அரிது.

எங்கே விட்டாலும் முதல் வாரத்தை அவசரப்படுத்தக் கூடாது. முதல் நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், பிறகு அம்மா இல்லாமல் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பிரியும்போது அழுகை பலமாக இருக்கும். அது வளர்ச்சியின் அடையாளம். விட்டுப் போகும்போது அழுகிறதா என்பதைவிட, மாலையில் கூப்பிடப் போகும்போது பிள்ளை எப்படி இருக்கிறது, பார்த்துக்கொள்பவரிடம் தானாகப் போகிறதா, உடம்பில் காயமோ தழும்போ தெரிகிறதா, பசியோடு இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

தனித்தனிக் குடும்பங்கள் இவ்வளவு பாடுபட்டும் மிஞ்சும் இடைவெளியைப் பொதுவில்தான் அடைக்க முடியும். பால்னா திட்டத்தின் ஒரு பகுதி, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பகிர்ந்துகொள்கின்றன. கட்டடம் இருக்கிறது, சமையல் பாத்திரம் இருக்கிறது, பிற்பகலுக்கு மேல் பூட்டியும் இருக்கிறது. மாலை ஆறரை வரை திறந்துவைக்க, அதே தெருவில் இரண்டு பெண்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களின் தாய்மார்கள் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று தெருவாரியாக எழுதி, பால்வாடி நேரத்தை நீட்டவும் கைக்குழந்தைகளைச் சேர்க்கவும் கேட்டு அந்தச் சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். கணக்கெடுக்க மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கின்றன.